எழுவான் வெளிச்சம், படுவான் வெளிச்சம்: மட்டக்களப்பு, அம்பாறைக் கட்டடங்களைப் பயணத்தில் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

கொழும்பிலிருந்து வந்த மருமகன் மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் எடுத்த படங்களை இராச்சாப்பாட்டுக்குப் பிறகு காட்டினான். நூற்றைம்பதுக்கும் மேல் இருந்தன. எல்லாவற்றிலும் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து நின்றது. பாதிப் படங்களில் கரண்ட் வயர் குறுக்கே ஓடியது, மீதியில் வானம் வெள்ளைத் தாளாகப் போயிருந்தது. கமரா நல்ல கமராதான். பிழை நடந்தது அதைத் தூக்குவதற்கு முன்பு.

இந்தக் கரையில் படமெடுக்க வந்த பலரோடு கூடப் போயிருக்கிறேன். எல்லோரும் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்து, நிற்கும் இடத்தைப் பார்த்து, அப்புறம்தான் கமராவை எடுக்க வேண்டும். அவர்கள் கமராவில் தொடங்குகிறார்கள். கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். போன் வைத்திருந்தாலும் பெரிய கமரா வைத்திருந்தாலும் வேலை ஒன்றுதான்.

1. கட்டடம் எந்தத் திசை பார்க்கிறது என்று முதல் நாளே பாருங்கள்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வெளிச்சம் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. காலையில் வெளிச்சம் கடல் பக்கமிருந்து வரும், பின்னேரம் வாவிப் பக்கமிருந்து வரும்.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகும் பெருந்தெரு ஏறக்குறைய வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதனால் தெருவைப் பார்த்து நிற்கும் கட்டடங்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. தெருவுக்குக் கடல் பக்கம் இருப்பவை மேற்கு முகம், பின்னேரம் எடுங்கள். வாவிப் பக்கம் இருப்பவை கிழக்கு முகம், காலையில் எடுங்கள். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைக்காது.

பள்ளிவாசல்களுக்கு வேறு கணக்கு. இங்கிருந்து கிப்லா, அதாவது தொழும்போது பார்க்கும் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. ஆகவே அந்தத் திசையைக் காட்டும் மிஹ்ராப் சுவர் மேற்கில் வரும், முகப்பு அநேகமாகக் கிழக்கில் இருக்கும், காலை வெளிச்சம் முகப்பில் விழும். கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கியவை. ஆனால் "கோயிலென்றால் கிழக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம், வரைபடத்தில் ஒரு தடவை பாருங்கள். தேவாலயங்களுக்கு விதி ஒன்றும் இல்லை, காணி எப்படிக் கிடைத்ததோ அப்படி.

பருவமும் திசையை மாற்றும். இங்கே சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் அது வடக்குப் பக்கமாகப் போகும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாயும். வடக்குப் பார்த்த சுவருக்கு நேர் வெயில் வேண்டுமானால் வருட நடுவில்தான் வர வேண்டும். தைப்பொங்கல் லீவில் வந்து அந்தச் சுவர் இருண்டு கிடக்கிறது என்று கவலைப்பட்டுப் பயனில்லை.

2. மாதமும் நாளும்

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. படமே எடுக்க முடியாது என்றில்லை. மழை விட்ட அரை மணி நேரத்தில் ஈரத் தரையில் கோபுரம் தலைகீழாகத் தெரிவது வேறு மாதத்தில் கிடைக்காது. ஆனால் இரண்டு நாள் பயணத்தை அதை நம்பிப் போடக்கூடாது. பெப்ரவரியிலிருந்து வானம் தெளியும்.

வருட நடுவில் கச்சான் என்னும் மேல்காற்று வீசும். பகலானால் புழுதி கிளம்பும், வாவி நீர் நெளியும். தண்ணீரில் நிழல் விழும் படம் வேண்டுமானால் விடியற்காலை மட்டும்தான்.

திருவிழா நாளில் கட்டடத்தை எடுக்கப் போகாதீர்கள். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும் சனத்தை எடுப்பது வேறு வேலை, அது நல்ல வேலை. ஆனால் பந்தலும் கடைகளும் பனரும் கட்டடத்தை மறைத்துவிடும். அதுபோல் திருப்பணி நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். சாரம் கட்டி ஓலையோ சாக்கோ போர்த்திய கோபுரத்தைப் பார்க்க 80 கிலோமீற்றர் ஓடியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

3. கொண்டு போக வேண்டியவை

போன் அல்லது கமரா, பவர் பாங்க், துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு, சிப் போட்ட பிளாஸ்டிக் பை, சிறிய ட்ரைபொட், கறுப்புக் குடை. குடை மழைக்கும் வெயிலுக்கும் மட்டுமல்ல. வெளிச்சம் லென்ஸில் நேரே அடிக்கும்போது நிழல் பிடிக்கவும் அதுதான்.

துணி ஏன் இரண்டு? கடலோரம் நின்றால் உப்புத் தூவானம் லென்ஸில் படியும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு துணியை இலேசாக நனைத்து உப்பை எடுத்துவிட்டு, மற்றதால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் எடுத்த எடுப்பில் தேய்த்தால் உப்புப் பரல் கீறிவிடும்.

ஆண்கள் வேட்டியும் இடுப்பில் கட்டும் சிறு பையும் வைத்திருங்கள். மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டிய கோயில்கள் இங்கே நிறைய. சட்டைப் பை இல்லாதபோதுதான் லென்ஸ் மூடியை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்.

இன்னொரு விஷயம், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஏசி அறையில் கமராவை வைத்துத் தூங்கிவிட்டு, விடிய 5.40க்குக் கல்லடிப் பாலத்தில் வெளியே எடுத்தேன். இங்குள்ள ஈரக் காற்று பட்டதும் லென்ஸ் பால்போல் மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. தெளிந்தபோது சூரியன் ஒரு பனை உயரம். அன்றிலிருந்து கமராப் பை இரவில் ஏசி இல்லாத இடத்தில்தான் தூங்குகிறது. அப்படி இடமில்லையென்றால், பையைத் திறக்காமலே அரை மணி நேரம் முன்பு வெளியே வைத்துவிடுங்கள்.

4. கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்துவிட்டுக் கேட்காதீர்கள்

இது மரியாதை மட்டுமல்ல, நேர மிச்சமும். முன்பே கேட்டவருக்கு நல்ல கோணத்துக்கான கதவு திறக்கும். பிறகு கேட்பவர் தெருவிலேயே நிற்க வேண்டியதுதான்.

கோயிலில் யாரைக் கேட்பது? குருக்களைக் கேட்டால் "வண்ணக்கரிட்டக் கேளுங்க" என்பார். வண்ணக்கர் என்றால் கோயிலை நிர்வகிப்பவர். அவரோ பரிபாலன சபையில் ஒருவரோ சரி என்றால் வீதியிலும் வெளி மண்டபத்திலும் தடையிருக்காது. மூலஸ்தானத்துப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள், அனுமதி கிடைத்தாலும். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக் காலத்தில் கட்டுப்பாடு இன்னும் கூடும். சடங்கு தொடங்கக் கதவு திறக்கிறார்கள் என்று கமராவோடு முன்னுக்குப் போவது அழகல்ல.

பள்ளிவாசலில் தொழுகைக்கு இடைப்பட்ட நேரம் போங்கள். காலை 8 முதல் 11 வரை வசதி, வெள்ளிக்கிழமையென்றால் கட்டாயம் 11க்குள் முடித்துவிடுங்கள். ஒரு ஊரில் கேட்காமலே மினாராவை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி எங்க இருந்து வாறீங்க? என்னத்துக்கு இந்தப் படம்?" என்று கேட்டார். கோபமில்லை, ஆனால் பதில் சொல்லி முடிக்க வெளிச்சம் போய்விட்டது. அடுத்த கிழமை முதலில் சலாம் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். அதே பெரியவர் மேல்மாடித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

தேவாலயங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் நடந்ததை ஊர் மறக்கவில்லை. நீண்ட ட்ரைபொட் பையோடு ஞாயிறு பூசைக்கு வெளியே சுற்றினால் விசாரிக்கத்தான் செய்வார்கள், அது நியாயம். வார நாளில் போய், பையைத் திறந்து காட்டி, பங்குத்தந்தையிடமோ அலுவலகத்திலோ கேளுங்கள்.

தீகவாபி, பொத்துவில் முகுது மகா விகாரை, லாகுகலைப் பக்கத்து மகுல் மகா விகாரை ஆகியவற்றில் தூபிமேல் ஏறுவதோ, புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பதோ கூடாது. 2019இல் ஹொரவப்பொத்தானையில் தூபிமேல் ஏறிப் படமெடுத்த பல்கலைக்கழக மாணவர் சிலர் விளக்கமறியலுக்கே போனார்கள். முகாம், காவலரண், பொலிஸ் நிலையம் படத்தின் ஓரத்தில்கூட வர வேண்டாம். ட்ரோனுக்கு சிவில் விமான அதிகாரசபையின் விதிகள் உண்டு. எனக்கு ட்ரோனில் விருப்பமுமில்லை, கோபுரத்தை மேலே இருந்து பார்ப்பதற்காக யாரும் கட்டவில்லை.

5. முதல் பதினைந்து நிமிடம் கமரா பைக்குள்ளேயே

போய்ச் சேர்ந்ததும் ஒரு சுற்று நடங்கள். கோயிலென்றால் வெளிவீதியை வலமாக, கோட்டையென்றால் தண்ணீரோரமாக. இறங்கிய இடத்திலேயே எடுத்த படம் ஓட்டோக்காரர் தெரிவு செய்த கோணம், உங்களுடையதல்ல.

நடக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வயரும் போஸ்ட்டும் எந்த இடத்தில் நின்றால் மறைகின்றன? வெயில் எந்த மூலையில் விழுகிறது, எந்த மூலை நிழல்? முன்னுக்கு என்ன இருக்கிறது, குளமா, ஆலமரமா, நிறுத்திய மோட்டார் சைக்கிளா? மோட்டார் சைக்கிளை நகர்த்தச் சொல்லலாம், போஸ்ட்டை நகர்த்த முடியாது. ஆகவே முதலில் போஸ்ட்டுக்கு ஏற்ற இடத்தைப் பிடியுங்கள்.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் உள்ள கோட்டை இதற்கு நல்ல பாடம். வந்தவர்கள் உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்று எடுக்கிறார்கள். அந்தக் கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. தண்ணீருக்கு அந்தப் புறம் போய் நின்றால்தான் சுவரும் கொத்தளமும் ஒரே கோட்டில் தெரியும், அது தீவில் நிற்கிறது என்பதும் விளங்கும். உள்ளே போவது அதற்குப் பிறகு.

6. நிற்கும் தூரம்: கோபுரம் ஏன் சாய்கிறது

மருமகனுக்கு இதை விளக்கத்தான் அதிக நேரம் போனது.

கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்க்கோடுகள் மேலே போகப் போக ஒடுங்கும். கட்டடம் பின்னால் விழுவதுபோல் தெரிவது அதனால்தான். கமரா சுவருக்குச் சமாந்தரமாக, நிமிர்ந்து இருந்தால் கோடுகள் நிமிர்ந்தே நிற்கும். ஆகவே சாய்க்காமலே உச்சி தெரியும் அளவுக்குப் பின்னுக்குப் போக வேண்டும்.

எவ்வளவு பின்னுக்கு? போனின் சாதாரணக் கமராவை நெட்டாக, நிமிர்த்திப் பிடித்தால், கட்டடத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் உச்சி மட்டுமட்டாக அடங்கும். இரண்டு மடங்கு என்றால் வானத்துக்கும் இடம் கிடைக்கும். பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். அப்படியானால் 42 மீற்றரில் அடங்கும், 55 மீற்றரில் வடிவாக வரும். இரண்டு எட்டு ஒன்றரை மீற்றர் என்று வைத்து நடந்து எண்ணலாம். உயரம் தெரியாவிட்டால் பக்கத்துத் தென்னையை வைத்து ஊகியுங்கள்.

இப்படிப் பிடித்தால் அடுத்த பிரச்சினை வரும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. அதைப் பிறகு வெட்டிவிடலாம். அதைவிட நல்லது, அந்தப் பாதியில் பார்க்கத்தக்க ஒன்று இருக்கும் இடத்தில் நிற்பது. மாமாங்கத்துத் தீர்த்தக்குளம் இதற்காகவே வெட்டியதுபோல் இருக்கிறது. குளத்துக்கு அப்பால் நின்று கமராவை நிமிர்த்திப் பிடித்தால் மேல்பாதியில் கோயில், கீழ்ப்பாதியில் அதன் நிழல். காற்றில்லாத காலையென்றால் வெட்டவே தேவையில்லை.

பின்னுக்குப் போக இடமில்லையென்றால்? புளியந்தீவின் ஒடுங்கிய தெருக்களில் அதுதான் நிலை. மூன்று வழி உண்டு. எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஏற அனுமதி கேட்பது முதலாவது. பாதி உயரத்தில் நின்றால் சாய்க்க வேண்டிய தேவை குறையும். கொஞ்சம் சாய்த்து எடுத்துப் பிறகு சரிசெய்வது அடுத்தது. அப்படியானால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள், நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். மூன்றாவது, முழுக் கட்டடத்தையும் விட்டுவிட்டு ஒரு பகுதியை எடுப்பது. நான் அநேகமாக மூன்றாவதைத்தான் செய்வேன்.

போனில் 0.5 என்று இருக்கும் அகலக் கமராவைப் பார்த்ததும் எல்லோரும் மகிழ்கிறார்கள். கட்டடத்துக்கு அது ஆபத்து. ஓரத்தில் உள்ள துவாரபாலகர் நடுவில் உள்ளவரைவிட இரண்டு சுற்றுப் பருத்துவிடுவார். மண்டபத்தின் உள்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. கமராவைத் தயார் செய்தல்

கட்டக் கோடுகளைத் திரையில் போடுங்கள். கோபுரத்தின் நடுக்கோடு நடுக் கட்டத்தின் நடுவில் வருகிறதா என்று பார்க்க அது உதவும். நேர் எதிரே நிற்பதென்றால் மிகச் சரியாக நேர் எதிரே நில்லுங்கள், அரை எட்டு விலகினாலும் பிழைபோல் தெரியும். இல்லையென்றால் தெளிவாக மூலைக்குப் போய்விடுங்கள். இரண்டும்கெட்டான் இடம்தான் மோசம்.

போனில் கட்டடத்தின் வெயில் பட்ட பகுதியில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் கீழே இழுங்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் வெளிச்சம் கூடிவிட்டால் பூச்சு, வெடிப்பு, அலங்காரம் எதுவும் மிஞ்சாது. இருண்ட பகுதியைப் பிறகு தூக்கலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

பெரிய கமராவென்றால் ரோ கோப்பு (பதப்படுத்தாத மூலப்படம்), ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, துளை எஃப் 8. கட்டடம் அசையாது, ஆகவே வெளிச்சம் வாங்கும் நேரத்தை நீட்டுவதில் தயக்கம் வேண்டாம், ட்ரைபொட் இருக்கிறதே.

8. எடுக்கும் ஒழுங்கு

முழுக் கட்டடம் முதலில். சூரியன் எழும்பி இரண்டு மணி நேரம்தான் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து சுதைகளின் மேடுபள்ளத்தைக் காட்டும். அதை நுணுக்கப் படங்களில் செலவழித்தால் முழுப் படத்துக்கு உச்சி வெயில்தான் மிஞ்சும்.

அடுத்து மூலையிலிருந்து, இரண்டு பக்கமும் தெரியும் படம். பிறகு மனிதர் ஒருவர் கடந்து போகும் படம். அளவு தெரிய ஆள் வேண்டும். நண்பரைப் போஸ் கொடுக்க நிறுத்துவதைவிட, பூக்கூடையோடு யாராவது வரும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

வெயில் ஏறியதும் உள்ளே போங்கள். மண்டபத்துக்குள் இருட்டு, வாசலில் கண்கூசும் வெளிச்சம். தூணில் சாய்ந்து அசையாமல் நின்று, வாசலுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என மூன்று படம் எடுத்து வீட்டில் சேர்க்கலாம். அல்லது வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து உள்நோக்கி எடுங்கள், சிக்கலே இல்லை. நுணுக்கங்களுக்கு நண்பகல் நிழல் நல்லது. கதவுக் குமிழ், படியின் தேய்வு, பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புத் தறையாணிகள் எல்லாம் அப்போதுதான்.

பின்னேரம் திரும்ப வெளியே. இங்கே சூரியன் வருடம் முழுவதும் ஆறு மணிக்கு முன்பின் அரை மணிக்குள் மறையும், மறைந்தபின் இருட்டு விறுவிறுவென்று வரும். மின்விளக்கும் நீல வானமும் சமமாக இருக்கும் நேரம் பத்தே நிமிடம். சூரியன் விழுந்ததும் கமராவை மூடிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் தவறவிடுவது அதைத்தான். ட்ரைபொட்டை வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்தி, கோணத்தை முடிவு செய்து வையுங்கள். 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்தின் வாகன வெளிச்சமும், பக்கத்தில் பழைய இரும்புப் பாலத்தின் கரிய வடிவமும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஒன்றாக வரும். பாலத்தின் மேல் ட்ரைபொட் வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் போனாலே அதிரும், கரையில் நில்லுங்கள்.

9. இரண்டு நாளைப் பிரித்தல்

ஒரு நாளில் மூன்று கட்டடத்துக்கு மேல் போடாதீர்கள். முதல் நாள் விடிய மாமாங்கம், பிறகு புளியந்தீவில் புனித மரியாள் பேராலயமும் கோட்டையும், பின்னேரம் பாலம், அது கட்டடக் கணக்கில் சேராது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போக வேண்டும். மண்முனைப் பாலம் வந்தபிறகு தோணிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஆனாலும் அதை இந்த இரண்டு நாளுக்கு வெளியே தனி அரை நாளாக வையுங்கள்.

இரண்டாம் நாள் தெற்கே. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல், காரைதீவு, திருக்கோவில் சித்திரவேலாயுதர். திருக்கோவிலில் கடல் கிட்ட இருப்பதால் நனைத்த துணி இங்கேதான் வேலை செய்யும். பொத்துவிலுக்குத் தெற்கே உள்ள உகந்தை முருகன் கோயிலை இதே நாளில் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். பாறையும் மணலும் கடலும் சேர்ந்த அந்தக் கோயிலுக்கு வெளிச்சம் பதமாக இருக்கும்போது போய்ச் சேர வேண்டுமென்றால் பொத்துவிலில் தங்கிவிட்டு வெள்ளென வெளிக்கிட வேண்டும்.

10. வீட்டுக்கு வந்தபின்

முதலில் கமராவைத் துடையுங்கள், அப்புறம் படத்தைப் பாருங்கள். ஒரு இரவு உப்போடு கிடந்தால் திருகாணியெல்லாம் துருவேறும்.

ஸ்னாப்சீட், லைட்ரூம் இரண்டிலும் கோடுகளை நிமிர்த்தும் வசதி உண்டு. முழுக்க நிமிர்த்தாதீர்கள். கீழே நின்று மேலே பார்க்கும் கண்ணுக்குக் கொஞ்சம் ஒடுங்குவதுதான் பழக்கம். உயர்ந்த கோபுரத்தை மிகச் சரியாக நிமிர்த்தினால் தலை கனத்து முன்னால் விழுவதுபோல் இருக்கும். பத்தில் எட்டுப் பங்கில் நிறுத்திவிட்டு, உயரத்தைச் சற்று நீட்டுங்கள், ஏனென்றால் நிமிர்த்தும்போது கட்டடம் குட்டையாகிவிடும். நிறத்தைக் கூட்டுவதில் கையை அடக்குங்கள். கோபுரச் சாயங்கள் ஏற்கெனவே போதுமான அளவு பளிச்சென்றுதான் இருக்கின்றன.

ஒவ்வொரு தொகுப்புக்கும் இடம், தேதி, நேரம், நின்ற திசை நான்கையும் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே கோணத்துக்கு வர நினைவு போதாது.

அனுமதி தந்தவருக்கு நல்ல படம் இரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மருமகன் மறுநாள் விடிய திரும்பப் போய், குளத்துக்கு அப்பால் நின்று எடுத்ததில் ஒன்றை வண்ணக்கருக்கு அனுப்பினான். பின்னேரம் பதில் வந்தது: "வடிவா இருக்கு தம்பி. பின்வீதியால வந்து பாத்தீங்களா? அங்க வயர் இல்ல."